ஃபெரெட்டி மாமாவின் ஞாயிறு அடுப்பு

ஃபெரெட்டி மாமா கல்லைச் சுட வைத்தால், இவருக்குமுன் நமக்கென்ன வேலை என்று சூரியன் லீவு போட்டுவிடும். ஞாயிறு காலை அடுப்படியில் குந்தி, தென்னமட்டை இடுக்கியால் எங்கள் தீவுச் சமையலுக்காகச் சுட்டுச் சிவந்த கற்களைப் பரப்பும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. நான் பேசுவேன்.

வாரநாளில் பஸ் ஓட்டுவார். வழியில் நல்ல எரிமலைக் கல் கண்ணில் பட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கி, இரண்டு கல்லைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். தேறிய கல் சீட்டில் வரும். ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவராக வருவார்கள். யாராவது முனகினால், "கல்லு சரியில்லன்னா உன் சோறுதான் வேகாது. பேசாம வா" என்பார்.

மூன்று வாரத்துக்கு முன் அவருடைய பலுசமியே வேகவில்லை. பலுசமி என்பது சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்த பொட்டலம். இலை அரைவேக்காடானால் தொண்டை அரிக்கும். தின்றவர் போதகர். சாயங்கால ஆராதனையில் அவருக்குப் பாட்டு வரவில்லை, இருமல்தான் வந்தது. அன்றிலிருந்து மாமாவைக் கண்டால் பையன்கள் கழுத்தைச் சொறிகிறார்கள். ஆரம்பித்து வைத்தது நான்தான். மாமாவும் சிரிப்பார். ஆனால் பாடகர் குழுவில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவர், பின்வரிசைக்குப் போய்விட்டார்.

இந்த ஞாயிறு போதகர் வீட்டுச் சாப்பாடு மறுபடி எங்கள் முறை. மாமா பொட்டலங்களைக் கல்மேல் அடுக்கி, வாழையிலையால் மூடிவிட்டு, வெள்ளை உடுத்தித் தேவாலயம் போனார். பிரசங்கம் முடியும் நேரத்தில், சாப்பாடு போதகர் வீட்டுக்குப் போகுமுன், நான் நழுவி வந்து ஒன்றை எடுத்துத் தின்றேன்.

திரும்பி வந்து இலையை விலக்கியவர் எண்ணக்கூட இல்லை.

"எடுத்தது நீதானடா?"

பதிலுக்குக் கழுத்தைச் சொறிந்து காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. பிறகு பொட்டலம் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திருடித் திங்கிறவன் நடுவுலதான்டா கை வைப்பான். அங்கதான் நல்லா வெந்திருக்கும். நீ ஏன் ஓரத்துல எடுத்த?"

"அதுதான் கைக்கு எட்டுச்சு."

"ஓரத்துல இருக்கறதுதான் கடைசியா வேகும். அது உனக்கும் தெரியும்."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"அரிச்சுதா?"

"இல்ல மாமா."

அவர், சும்மா கேலிக்கு இன்னும் சொறிந்துகொண்டிருந்த என் கையைப் பிடித்து, கழுத்திலிருந்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.