மூன்று விமானம், ஐந்து பைலட், ஒரு சிவப்புத் துணி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். எடுத்து நான் சொன்ன ஒரு வாக்கியத்தால், டெல்லிக்குக் கிளம்பவேண்டிய ஒரு விமானம் பெங்களூரிலேயே நின்றுவிட்டது.

நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. எனக்கும் விமானத்துக்கும் அதுவரை இருந்த சம்பந்தம், சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பது மட்டும்தான்!

விஷயம் இதுதான். எதிர் வீட்டு லோகம்மாளின் மகன் சேகர் ஒரு பைலட். டிக்கெட் வாங்கி எல்லோரும் ஏறுகிற விமானம் இல்லை. பணக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிற குட்டி ஜெட் விமானம். அதற்கென்று ஒரு தனியார் கம்பெனி. லீவு கிடைத்தால் பெங்களூரிலிருந்து பங்காருபேட்டையில் ரயில் மாறி இங்கே வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அவர்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. கம்பெனியில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

நான் தங்கச் சுரங்கத்தில் டைம் ஆபீஸில் இருந்தவன். எத்தனை பேர் கீழே இறங்கினார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள்... இரண்டும் ஒத்துப்போனால்தான் எனக்குச் சோறு இறங்கும். ரிடையர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. சேகர் கண்ணில் பட்டால் கேள்வி கேட்காமல் விடுவேனா?

முதல் நாள் திங்கட்கிழமை வந்து இறங்கியவனை வாசலிலேயே பிடித்தேன்.

“ஏம்பா, உங்க கம்பெனியில எத்தனை பிளேன்?”

“மூணு மாமா.”

“ஒரு பிளேனுக்கு எத்தனை பைலட்டு?”

“ரெண்டு பேரு உக்காரணும்.”

“மொத்தம் எத்தனை பேரு கீறீங்க?”

“அஞ்சு.”

மூவிரண்டு ஆறு. எனக்குப் பகீரென்றது. “ஒரு சீட்டுக்கு ஆள் இல்லியேப்பா!”

சிரித்தான். “மூணும் ஒண்ணா பறக்காது மாமா. ஒண்ணு எப்பவும் ரிப்பேர்ல நிக்கும்.”

“சரி. அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கு ஜுரம் வந்தா?”

“வரக்கூடாது.”

இது ஒரு பதிலா, சொல்லுங்கள்?

தோண்டத் தோண்டத் தகவல் வந்தது. முன்பு எட்டுப் பேர் இருந்தார்களாம். மூன்று பேர் பெரிய விமானக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே என்றைக்கு வேலை, என்றைக்கு ஓய்வு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இங்கே முதலாளிக்கு எப்போது பிரயாணம் தோன்றுகிறதோ அப்போது வேலை. சம்பளமும் இரண்டு பங்கு. ஒரு பங்கு மாதாமாதம் நிச்சயம். இன்னொரு பங்கு, ஆகாயத்தில் இருந்த மணிக்கணக்குப்படி. தரையில் இருந்தால் அது கிடையாது. தூங்கினால் நஷ்டம் என்று சட்டமே போட்டது போல!

அப்புறம் பேஸ் என்று ஒன்று. பைலட் எந்த ஊரில் போய் டியூட்டிக்கு நிற்க வேண்டுமோ, அதுதான் அவன் பேஸ். நம் ஊரில் “நீ எந்த ஷாஃப்ட்?” என்று, இறங்குகிற சுரங்கக் குழியைக் கேட்போமே, அது மாதிரி. சேகருக்குப் பெங்களூர். ஆனால் கம்பெனி இரண்டு விமானங்களைப் பாம்பேக்கு மாற்றப்போகிறது. பெங்களூரில் ஒன்றுதான் இருக்கும்.

“இந்த மாசம் ஒருத்தரைக் கேப்டன் ஆக்கறாங்க மாமா. நானா, இன்னொருத்தரான்னு பேச்சு. ஆனவருக்குப் பெங்களூர். ஆகாதவரு பாம்பேக்கு மூட்டை கட்டணும்.”

“உங்கம்மா?”

“அதான் மாமா...” என்று நிறுத்திக்கொண்டான். லோகம்மாளுக்கு முழங்கால் வலி. இந்த ஊரை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கமாட்டாள். வேறு பிள்ளையும் இல்லை.

இனி சிவப்புத் துணிக்கு வருகிறேன். சேகரின் அப்பா காலமாகிவிட்டார். அவர் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிற இரும்புக் கூண்டான கேஜை, மேலே உட்கார்ந்து இயக்குகிறவர். அவர் கண் ஒரு நொடி சொருகினால், கேஜில் நிற்கிறவர்கள் கதி? அதனால் நைட் ஷிஃப்ட் முடிந்து அவர் பகலில் தூங்கும்போது, லோகம்மாள் வாசல் நிலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுவாள். அதைப் பார்த்தால் எங்கள் வரிசையில் ரேடியோ நிற்கும். சண்டை நிற்கும். தக்காளி வண்டிக்காரர் கூவாமல் தள்ளிக்கொண்டு போவார். துணி தொங்கினால் சுரங்க சூப்பரின்டெண்டே வந்தாலும் எழுப்ப முடியாது. யாரும் எழுதி வைக்காத சட்டம்.

மகன் லீவில் வந்தால் அதே துணியைக் கட்டுகிறாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணி தொங்கிக்கொண்டிருந்தது.

பேசியவர் கம்பெனி அதிகாரி. மரியாதையான ஆங்கிலம். ஒரு தொழிலதிபர் குடும்பத்தோடு டெல்லிக்குக் கல்யாணத்துக்குப் போகிறார், காலையில் ஒரு பைலட் வேலையை விட்டு நின்றுவிட்டார், சேகர் உடனே கிளம்பி வரவேண்டும், கார் அனுப்புகிறோம் என்றார். கேப்டன் விஷயம் பேசி முடிக்கிற நேரம், இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

ஐந்து நான்காகிவிட்டது! என் வாய் தானாகச் சொன்னது: “அவர் தூங்குகிறார். எழுப்புவதற்கில்லை.”

“நீங்கள் யார்?”

“எதிர் வீடு.”

போனை வைத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். “பிளேன் கம்பெனிக்கு எப்போ மேனேஜர் ஆனீங்க? அந்தப் புள்ள பொழப்புல மண்ணை வாரிப் போட்டுட்டு வந்து நிக்கறீங்களே!”

தெருவைத் தாண்டி ஓடினேன். லோகம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நல்லா சொன்னீங்கண்ணா,” என்றாள், தலை நிமிராமல்.

உள்ளேயிருந்து சேகரின் குரல். “மாமா, யாரு போனு?”

வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“இன்னா மாமா நீங்க! என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்? கேப்டன் சீட்டு மாமா அது! நான் தூங்கவே இல்ல, முழிச்சிகினுதான் படுத்துனு கீறேன். மூணு நாளா எனக்குத் தூக்கமே...”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லோகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “மூணு நாளா தூங்கலியா? அப்போ ஞாயித்துக்கெழம பிளேன் ஓட்டினது யாருடா?”

அவன் நிலையில் சாய்ந்துகொண்டான். லோகம்மாள் விடவில்லை.

“உங்கப்பாவுக்குத் தூக்கம் வரலன்னா இன்னா பண்ணுவாரு? போயி, இன்னிக்கு என்னால ஆவாதுன்னு சொல்லிட்டு வந்து குந்திக்குவாரு. அன்னிக்குக் கூலி கெடையாது. ஏன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். அவரு இஸ்துவுட்ட கேஜில போனவனெல்லாம் ஊடு வந்து சேந்தான்.”

“அது வேற, இது வேறம்மா.”

“இன்னா வேற? அது கீழ போவுது, இது மேல போவுது. அவ்ளோதானே?”

சேகர் துணியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு என்னிடம், “ஒரு போன் பண்ணிக்கிறேன் மாமா” என்றான்.

எங்கள் வீட்டு முன்னறையில் நின்று பேசினான். நான் கேட்காத மாதிரி நின்றுகொண்டு முழுவதையும் கேட்டேன். “அவர் சொன்னது சரிதான் சார். நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, ஆனால் விமானம் ஓட்டுகிற நிலையில் இல்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆமாம் சார்... தெரியும் சார்... புரிகிறது சார்.”

போனை வைத்தான். “பாம்பே, மாமா.”

வாசலில் வந்து நின்ற லோகம்மாளிடமும் அதையே சொன்னான். “கேப்டன் சீட்டு போச்சும்மா.”

“சீட்டு போனா போவட்டும். அதுல குந்தற ஆளு கீறான் இல்ல?”

அன்று சாயந்திரம் படுத்தவன் மறுநாள் காலையில்தான் எழுந்தான். தொழிலதிபர் குடும்பம் எல்லோரையும் போல டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று டெல்லிக்குப் போனதாம். கல்யாணம் நின்றுவிடவில்லை. கேப்டனாக இன்னொருவரைப் போட்டார்கள். சேகர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாம்பேக்குப் போனான். ரயிலேற்றிவிட்டு வந்த லோகம்மாள் சிவப்புத் துணியை மடித்து உள்ளே வைத்தாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ?

போன வாரம் பாம்பேயிலிருந்து போன் செய்தான். முதல் கேள்வி என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“ஏழு பேரு மாமா!”

“எப்படிப்பா?”

“அன்னிக்கு அப்புறம், தூக்கம் இல்லன்னா மத்தவங்களும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு டிரிப்பு நின்னுச்சு. ஆளு எடுத்துட்டாங்க.”

மூன்று விமானம், ஏழு பைலட். இப்போது ஒருவனுக்கு ஜுரம் வரலாம். இன்னும் இரண்டு பேர் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

அதே போனில் அம்மாவிடம் தன் ஓய்வு நாட்களையும் சொன்னான். லோகம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எதற்கு என்று நேற்று மத்தியானம் தெரிந்தது. எதிர் வீட்டு வாசலில் சிவப்புத் துணி!

“யாரும்மா தூங்கறாங்க?” என்றேன்.

“சேகருண்ணா. பாம்பேல.”

சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் தக்காளி வண்டிக்காரர் தெருமுனையில் திரும்பினார். துணியைப் பார்த்தார். கூவுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு, வண்டியை மெதுவாகத் தள்ளிப் போனார். ரேடியோ வைத்திருந்த மூன்றாவது வீட்டுக்காரரும் அதை நிறுத்தினார்.

நானும் சிரிக்கவில்லை. ராத்திரி எங்கள் வீட்டில் தக்காளி இல்லாத ரசம்.