மெஷின் பார்க்க வந்தார்கள்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்.

நான்.

என் மனைவி. பட்டுப்புடவை. கடைக்கு அவள் வருவது வருஷத்தில் ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு. அந்த வருஷம் மறுநாள் விஜயதசமிக்கும் வந்தாள்.

அவள் தம்பி. என் மச்சான். கடையில் பாதி அவனுடையது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. புதுச் சட்டை. காலரில் குத்தியிருந்த குண்டூசியை நான்தான் எடுத்தேன்.

பெண்ணின் அப்பா. அனகாபுத்தூர்க்காரர். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றி முழுக்க விபூதி, இடைவெளி இல்லை.

பெண்ணின் அம்மா. நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. கடையில் எதன் மேலும் பிளாஸ்டிக் தூள் இருக்கும்.

பெண். மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்கப் பெண் வருவது வழக்கமில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாது. புரியாததைச் சொல்ல ஆள் வேண்டும் என்று கூட்டி வந்துவிட்டார்.

கடைசியாக மெஷின். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பார்க்க வந்ததே அதைத்தான்.

கடை சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில். வீட்டுக்குப் பெயர்ப் பலகை, வண்டிக்கு நம்பர் பிளேட், பள்ளிக்கூடத்துக்கு ஷீல்டு. நான் கையால் ரம்பம் பிடித்து எழுத்து வெட்டுகிறவன். மச்சான்தான் சி.என்.சி. என்கிற வெட்டும் மெஷின் வேண்டும் என்றான். சின்ன சைஸ் வந்திருக்கிறது, தையல் மெஷின் மேஜையை விடக் கொஞ்சம்தான் பெரிசு என்றான். வாங்கினோம். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதுவே வெட்டும். நான் ஒரு நாளில் வெட்டுவதை அது டீ குடித்து வருவதற்குள் வெட்டிவிடும். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. டீ குடிக்க நேரம் கிடைத்தது.

கஷ்டம் மச்சானுக்குத்தான். என்ன வேலை செய்கிறான் என்று யாருக்கும் புரியவில்லை. முதலில் வந்த பெண் வீட்டார் ஜெராக்ஸ் கடை என்று நினைத்துப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் கார்பெண்டர் என்று புரிந்துகொண்டு, கட்டில் பீரோவெல்லாம் மாப்பிள்ளையே செய்துவிடுவார் இல்லையா என்று கேட்டார்கள். முடியாது என்றதும் பேச்சு நின்றது.

இது மூன்றாவது இடம். பெண் பார்த்தாயிற்று. மச்சானுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் சண்டை போடவில்லை. பெண்ணின் அப்பா மட்டும் ஒன்று சொன்னார்.

"புள்ள நல்லாத்தான் கீது. ஆனா மெஷின் வேலை செய்யுது, இவரு பக்கத்துல நிக்கிறாருன்றாங்க. அது இன்னா வேலைன்னு ஒரு தபா நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டு முடிவு சொல்றேன்."

விஜயதசமி அன்று வரச் சொன்னோம். நல்ல நாள். அன்றைக்குத்தான் பூஜையில் வைத்த மெஷினைத் திரும்ப ஓட்ட வேண்டும். அவர்கள் எதிரிலேயே ஓட்டிவிடலாம். எல்லாம் பொருத்தமாக இருந்தது.

முதல் நாள் சாயந்திரம் பூஜை. மெஷினுக்கு அது முதல் ஆயுத பூஜை. நான் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் பொரி வாங்கப் போயிருந்தான். உள்ளே என் மனைவி தனியாக இருந்தாள், கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

தம்பி கல்யாணம் அந்த மெஷினை நம்பி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குறை வைக்கவில்லை. ரம்பத்துக்கு ஒரு பொட்டு போதும் என்று விட்டவள், மெஷினுக்கு இடம் இருந்த இடத்திலெல்லாம் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒன்று. அதைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும்.

அந்த மெஷினுக்கு ஒரு முறை உண்டு. ஆன் செய்ததும் முதலில் அது தன் மூலைக்குப் போக வேண்டும். அப்புறம்தான் வேலை. மூலைக்கு வந்தாயிற்றா என்று பார்க்க அதற்கு மூன்று கண். நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. சென்சார் என்பார்கள். பட்டாணி அளவுதான், நடுவில் சின்னப் பள்ளம். பள்ளம் மறைந்தால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து நின்றுவிடும்.

பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி மூன்று பள்ளம் இருந்தது என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டினோம். மச்சான் சாமி கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டான். மெஷின் டிக் என்றது. நின்றது.

திரும்பப் போட்டான். டிக்.

பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "ஓடுதா?"

"ஓடும் சார். ஒரு நிமிஷம்."

மச்சான் குனிந்தான். எழுந்தபோது முகம் சரியில்லை. என் காதருகில் வந்தான்.

"மாமா. அக்கா மூணு கண்ணுலயும் சந்தனத்த அப்பிகீது."

"தொடச்சிடு."

"நீயே தொடச்சிடு."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்குத் தலை சீவிவிட்டவள் பார்க்கிற மாதிரி. நல்ல நாளில், கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில், அவள் வைத்த பொட்டை அழிப்பது. என்னால் முடியாது. மச்சானாலும் முடியாது.

"வோல்டேஜ் கம்மியா கீது" என்றேன்.

பெண்ணின் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். டியூப் லைட் நன்றாக எரிந்தது. ஃபேன் அவர் துண்டைப் பறக்கவிட்டது.

"நல்லாத்தான் கீது" என்றார்.

"இது வேற கரண்ட்டு" என்றேன்.

அவர் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஸ்டீரிங் கெடையாது?"

"கெடையாது சார்."

"பிரேக்கு?"

மச்சான் சிவப்புப் பொத்தானைக் காட்டினான்.

"அத்த மட்டும் இப்ப அமுக்கி வெச்சிகினு கீறீங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் ஏன் நிக்கிது?"

மச்சான் திரும்ப ஸ்விட்சைப் போட்டான். டிக். புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அப்பா சட்டைப் பையைத் தடவினார். பஸ் நேரம் பார்க்கிறவர் மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது பெண் பக்கத்தில் வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"சென்சார்ல சந்தனம் இருக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க ஸ்கூல்லயும் இதே மாதிரி ஒண்ணு வாங்கியிருக்காங்க, ப்ளஸ் டூ பசங்களுக்கு. கீ செயின் பண்ணக் கத்துக்குடுக்கறோம். பசங்களுக்கு பீரியட் ஓட்டணும்னா இதே எடத்துலதான் சூயிங்கம் ஒட்டி வெப்பாங்க. நான் தினம் வந்ததும் மொதல்ல இங்கதான் பாப்பேன்."

என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சூயிங்கமா? அது நான் வெச்ச பொட்டும்மா."

"ஐயோ, பொட்டுன்னு தெரியுது அக்கா. ஆனா அத எடுத்தாத்தான் ஓடும்."

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கறதா? இன்னா பேச்சு இது?"

அதுவரை வாய் திறக்காத பெண்ணின் அம்மா சொன்னார். "ஆமாடி. அழிக்கக் கூடாது. அவங்க சொல்றது சரி."

இரண்டு வீட்டுப் பெண்களும் ஒத்துப்போனது அதில்தான் முதலில். அதனால் உதவி ஒன்றும் இல்லை. மெஷின் நின்றுகொண்டிருந்தது.

"சாயந்திரம் வெளக்கு வெச்சதுக்கப்பறம் எடுக்கலாம்" என்றாள் என் மனைவி.

"சாயந்திரம் வரிக்கும் நான் இங்க நிக்கணுமா?" என்றார் பெண்ணின் அப்பா.

பெண் கொஞ்சம் யோசித்தாள். பூஜைச் சொம்பில் விரலை நனைத்தாள். முதல் கண்ணில் காய்ந்து கிடந்த சந்தனத்தைக் குங்குமத்தோடு நகத்தால் மெல்ல எடுத்தாள். எடுத்ததைத் தன் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"அழிக்கல அக்கா. எடுத்து வெச்சிக்கிட்டேன்."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், தூளோடு. பட்டுப்புடவை என்ற நினைப்பே இல்லை. மச்சான் சுவரைப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

இரண்டாவது கண்ணில் இருந்ததை எடுத்து அம்மா நெற்றியில் வைத்தாள். மூன்றாவதை அப்பாவிடம் கொண்டுபோனாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடம் இல்ல, அவருக்கு வெய்யி" என்று என்னைக் காட்டினார். எனக்கு வைத்தாள். ஈரமாக இருந்தது. பிறகு கைக்குட்டை நுனியை முறுக்கி மூன்று பள்ளத்தையும் சுத்தம் செய்தாள். அது பொட்டு இல்லை, மிச்சம்தான்.

மச்சான் ஸ்விட்சைப் போட்டான். மெஷின் கிர்ரென்று மூலைக்குப் போனது. நின்றது. திரும்பி வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் 'நல்வரவு' என்று வெட்ட ஆரம்பித்தது.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். செய்ய வேறொன்றும் இல்லை.

பெண்ணின் அப்பா அவனையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "அது வெட்டுது. நீங்க இப்ப இன்னா பண்றீங்க?"

"பாத்துகினு கீறேன் சார்."

"எத்த?"

"தப்பா போவுதான்னு. போனா நிறுத்தணும்."

"போலைன்னா?"

"பாத்துகினே இருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். "நானும் அதான் பண்ணேன். பஸ்ஸு பாட்டுக்குப் போவும். நான் பாத்துகினு இருப்பேன். ஒரு நிமிசம் பாக்கலைன்னா தாம்பரம் மார்க்கெட்டுல காய்கறி எல்லாம் என் கண்ணாடியில இருக்கும்." மனைவி பக்கம் திரும்பினார். "வேலதான் இது. நான் ஜெராக்ஸோ இன்னாவோன்னு நெனச்சேன்."

'ரவு' முடிந்தது. மச்சான் தூளை ஊதிப் பலகையை அவர் கையில் கொடுத்தான். அவர் விரலால் எழுத்தின் ஓரத்தைத் தடவினார். விரலைக் கிழிக்கவில்லை. துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். திருப்பித் தருவதாகத் தெரியவில்லை.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டார். வாசலில் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நிச்சயதார்த்தம் எங்க வூட்லதான். மொட்டை மாடியில பந்தல் போட்றலாம். சாப்பாட்டுக்குச் சொல்லணும்" என்றார். "உங்க சைடுல எத்தினி பேரு வருவீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மனதில் முப்பது என்று வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். புடவை முழுக்க வெள்ளைத் தூள். விரல் கணுவில் எண்ண ஆரம்பித்தாள். வலது கை முடிந்தது. இடது கை முடிந்தது. திரும்ப வலது கைக்கு வந்தாள். பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

எண்ணி முடித்தாள்.

நூற்று எண்பத்து நான்கு.