கண்ணாடி முன் தம்பி

காலை எட்டு நாற்பதுக்கு, மோர்னிங்சைட்டில் மகளின் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் பயிற்சி அறையில், மேசைமேல் ஒரு சிறிய கைக்கண்ணாடியைத்தான் முதலில் கண்டேன். நாக்கு எங்கே போகிறது என்று பிள்ளை பார்ப்பதற்கு.

தொண்ணூற்று மூன்றில், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில், அப்படியொரு கண்ணாடியின் முன் என் தம்பி சுதன் உட்கார்ந்திருந்தான். நாலு வயது. 'ர' வரவில்லை. மரத்தை 'மயம்' என்பான், ஆங்கிலத்தில் 'ரெட்' என்பதை 'வெட்' என்பான். பேச்சுப் பயிற்சி ஆசிரியை சொன்னதை ஒன்பது வயதான நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"உச்சரிப்புச் சரிவருமட்டும் வீட்டில அவனோட இங்கிலீஷ்தான் கதைக்கவேணுமாம்."

"ஓம் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

அவரிடம் இருந்த ஆங்கிலம் கம், ஈட், ஸ்லீப் போன்ற சில சொற்கள். சுதனோடு அவற்றை மட்டும் பேசினார். குளிக்க வார்க்கும்போது சொல்லும் கதை நின்றது. நாலாம் நாள், அம்மா சட்டி கழுவிக்கொண்டிருக்க, அவன் என்னிடம் கேட்டான்.

"அக்கா, அம்மாவுக்கு என்னோட கோவமோ?"

அம்மா குழாயை மூடினார். "நீ ரீச்சரிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதை," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவனைத் தூக்கினார். "என்ர குஞ்சில எனக்கென்ன கோவம்? வா, சோறு தீத்திவிடுறன்."

சுதனுக்கு ஆறு வயதில் 'ர' வந்தது. முதலில் தமிழில், அடுத்த வருடம் ஆங்கிலத்தில்.