ஏரிப் புல்லும் லாரி மணலும்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் டீக்கடையில் காலை எட்டு மணிக்கு எத்தனை பேர் நிற்பார்களோ, அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் தோத்தாத்ரி அதைச் சொன்னார். கன்னியம்மாவின் தலையிலிருந்து புல்கட்டு இன்னும் இறங்கவில்லை.

"உன் புல்லுல மண்ணு இருக்கும்மா. குதிரைக்கு மூணாவது தடவை வயிறு பிடிச்சிண்டுடுத்து. டாக்டரே மண்ணுதான்னு சொல்லிட்டார். இனிமே நீ வர வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தன் குதிரை கிளப்பின் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர் சேட்டு பாலை ஆற்றுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். கன்னியம்மா அப்படியே திரும்பி நடந்தாள். உச்சந்தலை எரிந்தது. வெயிலால் அல்ல.

பதினோரு வருடமாகச் செம்பாக்கம் ஏரிக்கரையில் புல் அறுப்பவள் அவள். மற்றவர்கள் அவசரத்தில் வேரோடு பிடுங்குவார்கள். கட்டு சீக்கிரம் பெருத்துவிடும். கன்னியம்மா அரிவாளை வேருக்கு நாலு விரல் மேலேதான் வைப்பாள். அறுத்ததை ஏரித் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உதறி, அதற்கப்புறம்தான் கட்டுவாள். சேலையூரில் பசுமாடு வைத்திருந்த ஒன்பது வீடுகள் அவளுடைய புல்லை அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் வாங்கின. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து. அந்த 1992 மாசி மாதத்தில், டீக்கடையில் சொன்ன ஒரு பேச்சு மூன்றே நாளில் சேலையூருக்கு நடந்து போய்விட்டது. முதலில் அமலராணி டீச்சர் வீட்டில் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். அடுத்து இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

வயிறு கெட்டுப் படுத்துக்கொள்ளும் அந்தப் பெண்குதிரையின் பெயர் ராயல் விஷ். ரேஸில் ஓடி ஓய்ந்துவிட்டது. கன்னியம்மா அதை ராயி என்றுதான் கூப்பிடுவாள். தோத்தாத்ரி அதை நெடுந்தூரப் போட்டிக்கு வாங்கியிருந்தார். காலையில் கிளம்பி மாமல்லபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும், எண்பது கிலோமீட்டர். வழியில் டாக்டர் குழாய் வைத்து நெஞ்சைக் கேட்பார், வயிற்றையும் கேட்பார். வயிற்றில் சத்தம் இல்லையென்றால் குதிரை வெளியே. ரோட்டில் மற்ற குதிரைகளோடு போகும்போது ராயியை மிஞ்ச ஆளில்லை. லாயத்தில் தனியாக விட்டால்தான் வினை. பக்கத்து லாயத்துக் கிழட்டுக் குதிரையைச் சவாரிக்கு அவிழ்த்துக்கொண்டு போனால் போதும், ராயிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். சுற்றிச் சுற்றி வரும், தரையைக் காலால் பிறாண்டும். கடைசியில் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துப் புரளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது உள்ளேயே முறுக்கினால் உயிருக்கே ஆபத்து.

கன்னியம்மா தினமும் கட்டை இறக்கியதும் ராயியின் விலாவில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே குடகுடவென்று உருண்டால், "நல்லாகீறியா, சரி" என்று தட்டிவிட்டுப் போவாள். அதற்கும் அவள் குரல் கேட்டால் வேர்வை அடங்கும். அப்படிப்பட்டவளுடைய புல்தான் விஷமாம்.

அவளை நிறுத்திய பிறகு, அனகாபுத்தூர் பக்கத்திலிருந்து வேறு ஆள் புல் கொண்டுவந்தான். பதினாறாம் நாள் மத்தியானம் ராயி மறுபடி படுத்துவிட்டது. குதிரைக்காரன் ஜெபராஜ்தான் சைக்கிளில் வந்து சொன்னான். கன்னியம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்துத் தன்மேலேயே கோபம் வந்தது.

"இப்பவாவது உன் மொதலாளி வாயத் தொறந்து சொன்னாரா, என் புல்லால இல்லன்னு?"

ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். "பழைய மண்ணு வயித்துலயே தங்கிகீதாம் யக்கா. உன் புல்லோட மண்ணு."

குதிரைக்கு எதில் தீனி வைக்கிறாய் என்று கேட்டாள் கன்னியம்மா. ராயி தொட்டியை உதைத்து உதைத்து உடைத்துவிட்டதாம். அதனால் வேகவைத்த கொள்ளைத் தரையிலேயே கொட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. குளம்புக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று தீபாவளிக்கு அப்புறம் லாயம் முழுக்கப் பாலாற்று மணல் போட்டாரே, நாலு லாரி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, அந்தத் தரையில்தான். தின்று முடித்த பிறகும் பசியில் அந்த இடத்தை நக்கிக்கொண்டே நிற்குமாம். அடுத்த வேளை புல் சாயங்காலம்தான்.

"இத்த டாக்டராண்ட சொன்னியாடா?"

சொல்லவில்லை. மணல் முதலாளியின் யோசனை. அதைக் குறை சொன்னால் வேலை போய்விடும்.

"உன் வேலைக்குப் பயந்துகினு என் பேர வித்துட்டல்ல" என்றாள் கன்னியம்மா. ஜெபராஜ் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

குரோம்பேட்டையிலிருந்து டாக்டர் லாசரஸ் ஸ்கூட்டரில் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். இருட்டும்வரை ராயியை நடத்தினார்கள். மறுநாள் காலை டாக்டர் மறுபடி பார்க்க வந்தபோது, கன்னியம்மா இடுப்பில் சட்டியோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ரேஷன் அரிசி அரிக்கிற சட்டி. ஒரு பையில் அன்று அறுத்த புல்.

தோத்தாத்ரி, யார் உள்ளே விட்டது என்று ஜெபராஜைக் கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை. ராயியின் பின்னால் போய் நின்றாள். எண்ணெய் வேலை செய்திருந்தது. ராயி வாலைத் தூக்கியது. கன்னியம்மா சட்டியை நீட்டினாள். தரையில் ஒரு துளி விழாமல் சாணம் அத்தனையும் சட்டிக்குள் இறங்கியது. டாக்டர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போரிங் பைப்படியில் உட்கார்ந்து அரிக்க ஆரம்பித்தாள். தண்ணீர் விட்டுக் கரைத்து, சுழற்றி, மிதக்கும் நாரை வடித்து, மறுபடி தண்ணீர். கல்லரிசியை ஒரு கல் பல்லில் படாமல் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் போட்ட கை அது. ஆறாவது சுழற்றலில் தண்ணீர் தெளிந்தது. சட்டியின் அடியில் ஒரு பிடி மணல். மஞ்சளாக, வெயிலில் மினுமினுவென்று.

அடுத்து தான் கொண்டுவந்த புல்லை ஒரு வாளியில் அலசினாள். தண்ணீர் லேசாகக் கறுத்தது. அடியில் நெருடவே இல்லை. கடைசியாக லாயத்துத் தரையில் ஒரு பிடி அள்ளிச் சட்டியின் பக்கத்தில் போட்டாள்.

"ஏரில கறுப்புக் களிமண்ணு சார். நான் வேரோட புடுங்கியிருந்தாலும் கறுப்புதான் வரும். இது யார் எறக்கின மண்ணு, நீங்களே பாருங்க."

டாக்டர் லாசரஸ் இரண்டையும் விரலில் தேய்த்துப் பார்த்தார். என்மேலும் தப்பு உண்டு, தரையைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டேன் என்றார். மணலை அள்ளிவிடுங்கள், தீனியைச் சுவரோடு கட்டிய மார்புயரத் தொட்டியில் வையுங்கள், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் இருக்கட்டும், கிழட்டுக் குதிரையைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போகாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

தோத்தாத்ரி வாசல்வரை அவளோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சரிம்மா. புல்லு நல்ல புல்லுதான். நாளையிலேர்ந்து கொண்டுவா."

"எனக்குக் கேக்குது சார். டீக்கடைக்குக் கேக்கல."

அவர் வாட்சைப் பார்த்தார். கார் சாவியைத் தேடினார். உள்ளே போய்விட்டார்.

வரமாட்டேன் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தத்தான் வாயெடுத்தாள். லாயத்திலிருந்து ராயி கனைத்தது. சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று குளம்புச் சத்தத்திலேயே தெரிந்தது. தின்னாமல் நின்றால் மறுபடி முறுக்கும். அவருக்கு வைக்கிற தண்டனை அந்த வாயில்லாத ஜீவனின் வயிற்றில்தான் போய் விழும் என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் போனாள். ஆனால் நேரே உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்கு எதிரில் கட்டை இறக்கினாள். சேட்டுவிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, ஒரு கை புல்லை எல்லோரும் பார்க்க அலசி உதறினாள். வாளியைக் கேட்டின் நடுவிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். காரில் வந்த தோத்தாத்ரி இறங்கி, வாளிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைத் தானே தூக்கி ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. டீக்கடை பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த தை மாதம் ராயி எண்பது கிலோமீட்டரும் ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வயிறு இடிபோல உருண்டது என்று ஜெபராஜ் வந்து சொன்னான். பரிசு வாங்கிய மேடையில், இதெல்லாம் தன்னுடைய புதிய தீனி முறை என்று தோத்தாத்ரி பேசினாராம். கன்னியம்மா கேட்டுக்கொண்டாள். சேலையூரில் வேண்டாம் என்ற இரண்டு வீடுகளும் திரும்பி வந்தன. அமலராணி டீச்சர் மட்டும் கடைசிவரை கட்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

கிளப்பை மூடும் வரைக்கும், ஆறு வருடம், அவள் அந்த வாளியை விடவில்லை. மழை நாளிலும் வைத்தாள். அவரும் ஆறு வருடம் காரிலிருந்து இறங்கி அதைத் தூக்கி வைத்தார். நல்ல புல்லுதான் என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.