ஹெஸ்டர் சாயம் பூசிய அணில்

ஹெஸ்டர் தோட்டத்துச் சிவப்பு அணில்களை எண்ணி முடிக்க ஒரு கோடைகாலம் போதாது. சரி, கொஞ்சம் கதை அளந்துவிட்டேன், இருபது இருக்கும். இங்கிலாந்தில் மற்ற இடங்களிலெல்லாம் வெளியிலிருந்து வந்த சாம்பல் அணில்கள் சிவப்பை ஒழித்துவிட்டன; கம்பிரியாவில் எங்கள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம்.

ஹெஸ்டர் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். கணவர் இறந்த வசந்தத்தில், புயலில் சாய்ந்த மரத்தடியில் மயிர் முளைக்காத குட்டி ஒன்றைக் கண்டெடுத்தாள். ஆட்டுப்பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி வளர்த்தாள். வளர்ந்ததும்தான் தெரிந்தது, அது சாம்பல் அணில். அதற்குள் அதற்குப் பிப்பின் என்று பெயர் வைத்தாயிற்று. அவள் கம்பளிச் சட்டைப் பையில் தூங்கவும் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டு வில்ஃப், ஊருக்காகக் கூண்டு வைத்துச் சாம்பல் அணில் பிடிப்பவர். வேலியில் சாய்ந்துகொண்டு சட்டம் பேசுவார்.

“கூண்டுல விழுந்த சாம்பல வெளிய விடக்கூடாது, ஹெஸ்டர். வீட்டுல வச்சும் வளக்கக்கூடாது. சட்டம் ராஜாவுக்கும் அதான், உனக்கும் அதான்.”

“ஒரு அணிலால ராஜ்ஜியமே கவுந்துடப் போகுதாக்கும்!”

“சாம்பலுக்கு ஒண்ணும் ஆவாது. அது எச்சில் பண்ண தட்டுல செவப்பு தின்னா அம்மை வந்து சாவும். தோட்டத்துல அணிலுக்கு மாட்டிவச்சிருக்கியே, அந்தத் தீனித் தட்டையாவது கழட்டித் தொலை.”

ஹெஸ்டர் தட்டைக் கழற்றவில்லை. தன் தலைக்கு அடிக்கும் செம்பு நிறச் சாயத்தில் மிச்சமிருந்ததைக் குழைத்து, மூக்கிலிருந்து வால் நுனிவரை பிப்பினுக்குப் பூசினாள்.

மறுவாரமே அது கூண்டில் விழுந்தது. வில்ஃபுக்குப் பார்வை மங்கல். கண்ணாடி போடமாட்டேன் என்று வீம்பு. குனிந்து பார்த்தார்.

“அட, நம்ம செவப்பு! நல்லாத் தின்னுருக்க. போடா ராஜா!” என்று கதவைத் திறந்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் ஹெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள்.

பதினைந்தாம் நாள், தட்டுக்குக் கீழே முதல் சிவப்பு அணில் கிடந்தது. கண்ணிமை, உதடு, விரலிடுக்கு எங்கும் புண். சாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. பிறகு தினம் ஒன்று. வில்ஃப் குழி தோண்டினார். பிப்பின் மட்டும் தட்டில் கொழுகொழுவென்று உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தது. சாயம் வெளுத்து, வாலில் மட்டும் செம்பு ஒட்டியிருந்தது.

ஒரு நாள் வில்ஃப் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். வாலைப் பார்த்தார். ஹெஸ்டரின் தலையைப் பார்த்தார்.

“கூப்பிடு,” என்றார். “நான் கூண்டு வச்சா இனிமே வராது. நீ கூப்பிட்டா வரும்.”

“வில்ஃப்... என் வாயால கூப்பிடச் சொல்லாதய்யா.”

“இன்னும் எத்தன குழி தோண்டணும், சொல்லு. தோண்டறேன்.”

அவள் உள்ளங்கையில் பாதாம்பருப்பை வைத்துக் கூண்டு வாசலில் நீட்டி, “பிப்பின்” என்றாள். அவள் தோளுக்குத் தாவி, கைவழி ஓடி, கூண்டுக்குள் அதுவே போயிற்று. கதவை மூடியவள் அவள்தான். கொட்டகைக்குப் பின்னால் கொண்டு போனவர் வில்ஃப்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத் தேநீரில் யாராவது கேட்டால், ஹெஸ்டர் கேக்கைப் பிட்டுக்கொண்டே, “ஏதோ ஏழெட்டு செத்துச்சு, பாவம்” என்பாள்.

போன வாரம் எதிரில் உட்கார்ந்திருந்த வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பதினொண்ணு. உன் பிப்பினச் சேக்காம.”