தேவையான ஆழம் வரும்வரை

மருத்துவ விடுப்பில் போனவர் உடல்தகுதிச் சான்றிதழுடன் திரும்பி வந்தால் அவரைப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதி அவ்வளவுதான். விடுப்புப் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஸ்டெல்லாவின் கைப்பையில் அந்தச் சான்றிதழ் இருந்தது. டாக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. அவள்தான் போகவில்லை. மருத்துவ விடுப்பு முடிந்ததும் ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தபோது எனக்குப் போன் செய்தாள்.

"வி.ஆர்.எஸ். குடுத்துடலாம்னு இருக்கேன்க்கா. ஃபார்ம் எப்படி எழுதணும்?"

ஸ்டெல்லா எங்கள் அலுவலகத்தின் விசாரணைக் கவுன்டரில் உட்காருகிறவள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து, உடம்பு தேறிவிட்டது. புடவை கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவதுதான் அவளால் முடியவில்லை.

"தில்லை நகர்ல சிலிக்கான்ல ஒண்ணு வாங்கினேன். கல்லைக் கட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு. இந்த வெயில்ல உள்ள வேர்த்து ஊத்துது. சரின்னு துணியைச் சுருட்டி வெச்சுப் பார்த்தேன். பஸ் ஏறி உக்கார்றதுக்குள்ள அது தோளுக்கு வந்துடுச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளைக் கவனித்துக்கொண்ட வார்டு நர்ஸ் ஒரு பேட்டர்னை, அதாவது பின்னல் செய்முறையை, அனுப்பியிருந்தாராம். பருத்தி நூலில் குரோஷா ஊசியால் மார்பக வடிவம் பின்னி, உள்ளே லேசான பஞ்சை அடைத்துச் செய்வது. கனம் கிடையாது, துவைத்துக்கொள்ளலாம். ஸ்டெல்லா அதை எனக்கு அனுப்பி வைத்தாள். "உங்களுக்குத்தான் ரூல்ஸ் படிக்கிறதுன்னா உயிராச்சே. படிச்சுப் பாருங்க."

படித்தேன். வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வுக்கான படிவம் எங்கே கிடைக்கும் என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

1. கொள்முதல்

பெரிய கடை வீதியில் நூல் கடைக்காரர் கம்பளிக் கண்டுகளை வரிசையாக எடுத்துப் போட்டார்.

"கம்பளி வேண்டாங்க. மெத்துன்னு பருத்தி நூல் வேணும்."

"குழந்தைக்குங்களா?"

"இல்லை."

"டேபிள் க்ளாத்துங்களா?"

"இல்லை."

"பின்ன என்னதாம்மா பின்னப் போறீங்க?"

"அரசாங்க வேலை" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நூலும், பிடி தடித்த ஒரு குரோஷா ஊசியும் கிடைத்தன.

2. அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

வீடியோ பார்த்து ஊசி பிடிக்கவும் செயின் போடவும் சிங்கிள் குரோஷா போடவும் கற்றுக்கொண்டேன். கை படிந்துவிட்டது. பேட்டர்ன்தான் படியவில்லை. அது முழுக்கச் சுருக்கெழுத்து. ஆனால் சுருக்கெழுத்தைக் கண்டு பயப்படுகிறவள் விடுப்புப் பிரிவில் காலம் தள்ளியிருக்க முடியாது. எல்லாவற்றையும் அகர வரிசைப்படுத்தி விரிவு எழுதி வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் ஆறு பின்னல். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பின்னலிலும் இரண்டிரண்டாகப் போட வேண்டும். அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 12 என்று இருந்தது. உத்தரவு என்றால் உத்தரவு. இரண்டிரண்டாகப் போட்டு முடித்துவிட்டு, மேற்கொண்டு பன்னிரண்டும் போட்டேன். அடுத்தடுத்த சுற்றுகளிலும் அப்படியே. தட்டையாக வர வேண்டிய வட்டம் சுருண்டு சுருண்டு மேலே எழும்பியது. வீடியோ காலில் ஸ்டெல்லாவுக்குக் காட்டினேன்.

"என்னக்கா அது, காலிஃபிளவரா? காந்தி மார்க்கெட்ல இதைவிட நல்லதாவே கிடைக்கும்."

அந்த எண் உத்தரவே அல்ல. சுற்று முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் இத்தனை பின்னல் இருக்க வேண்டும் என்கிற மொத்தம். மாத அறிக்கையின் அடியில் கூட்டுத்தொகை போடுகிறோமே, அதேதான். அறிக்கையின் கூட்டுத்தொகையைக் கொண்டுபோய் இன்னொரு செலவாக நான் எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சுற்றின் முதல் பின்னலில் ஓர் ஊக்கு மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் எண்ணிவிட்டே அடுத்ததற்குப் போங்கள். கணக்கு இடித்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்தால் போதும். நான் முழுவதையும் பிரித்தேன்.

3. விளக்கம் கோருதல்

இரண்டாவது வட்டம் ஒழுங்காக வந்தது. விரித்து வைத்தால் விரித்த இடத்தில் கிடந்தது. அடுத்த வரிக்குப் போனேன். 'இனிக் கூட்டாமல், குறைக்காமல், தேவையான ஆழம் வரும்வரை சுற்றிப் பின்னவும்.'

எத்தனை சுற்று? எண் இல்லை. முன்னும் பின்னும் தேடினேன், அடிக்குறிப்பையும் விடவில்லை. 'தேவையான' என்ற சொல்லைப் போட்டு எண் போடாமல் விட்ட உத்தரவுகள் தணிக்கையில் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பேட்டர்னை எழுதி, அடியில் தன் முகவரியும் கொடுத்திருந்த வெளிநாட்டு அம்மையாருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன ஐயம் என்பதையெல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. ஐயம் என்றால் மேலிடத்தைக் கேள், பதில் வரும்வரை கையை வைக்காதே. சர்வீஸ் முழுவதும் என்னைக் காப்பாற்றிய வழிமுறை அது. அரைகுறை வட்டத்தை ஓர் உறையில் போட்டு மூடி வைத்தேன்.

ஸ்டெல்லாவின் விடுப்பில் மிச்சம் ஒரு வாரம்தான் என்ற நிலையில், அவளே ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்துவிட்டாள். துப்பட்டாவைப் போர்வை மாதிரி போர்த்தியிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? சத்தமே காணோம்."

"விளக்கம் கேட்டிருக்கேன். பதில் வரணும்."

"யார்கிட்ட?"

"எழுதினவங்ககிட்ட. எவ்வளவு ஆழம்னு அதுல போடலை."

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். "அவங்களாக்கா போட்டுக்கப் போறாங்க?"

நான் அந்த உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"நீங்க கேக்க மாட்டீங்க, நான் காட்ட மாட்டேன். கண் காணாத தேசத்துலேர்ந்து ஒரு அம்மா வந்து நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லணும். அதுக்குள்ள என் வேலை போயிடும்."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "ஊசியை எடுத்துக்கிட்டு வாங்க."

தழும்பு நான் பயந்திருந்த அளவுக்கு இல்லை. ஒரே கோடு, சீராக இருந்தது. "நல்லா தெச்சிருக்காங்க. என் பின்னலைவிட நேரா இருக்கு" என்றேன். அவள் சிரித்தபோது தோள்கள் இரண்டும் இறங்கின. அதுவரை அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சுற்று பின்னுவேன், அவள் வைத்துப் பார்ப்பாள். "இன்னொண்ணு." மறுபடி ஒரு சுற்று. "போதும். இல்ல, இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு." பின்பக்கத்தில் பின்னல்களைக் குறைத்துக்கொண்டே வந்து, மூடுவதற்கு முன் ஒரு தலையணையைப் பிரித்துப் பஞ்சை அடைத்தேன். கண்ணாடியில் பார்த்தவள், "அக்கா, என் வயசுக்கு ஏத்த மாதிரி வைங்க. இது காலேஜ் பொண்ணு மாதிரி நிக்குது" என்றாள். பாதியை எடுத்தேன். உள்ளாடையில் ஒரு பருத்திப் பை தைத்து அதற்குள் வைத்துக்கொண்டாள். என் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அலமாரி மேல் தட்டில் ஃபைல் எடுப்பது போல் கையைத் தூக்கினாள், குனிந்தாள், திரும்பினாள். அது நகரவில்லை.

துப்பட்டாவை என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

4. பணியில் சேர்ந்தது

திங்கட்கிழமை மதியம் போன் வந்தது.

"சேர்ந்துட்டேன்க்கா. கவுன்டரைத் திறந்ததும் முதல் ஆளே சண்டை. 'ஏம்மா, இத்தனை நாள் எங்க போயிட்டே? நீ இல்லாம இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியலை'ன்னு கத்துறாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்றது? என் முகத்தைப் பார்த்து திட்டினாருக்கா. முகத்தை மட்டும்தான்."

சர்வீஸில் எத்தனையோ பணியேற்பு அறிக்கைகள் பார்த்திருக்கிறேன். இதைவிட நிறைவான ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.

இப்போது அந்த வார்டு நர்ஸ் மற்றவர்களுக்கும் கேட்கிறார். காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்று சொன்னவர்களுக்கு மட்டும் பின்னித் தருகிறேன். பின்ன வருகிறவர்களுக்காகப் பேட்டர்னைத் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணுக்கு அதில் ஒரு தனிப் பத்தி உண்டு. ஆழம் வருகிற இடத்தில் நானும் எண் போடவில்லை. 'அணியப் போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பின்னவும்' என்று போட்டிருக்கிறேன். எண் கேட்டு எனக்கு யாரும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், பதில் வராது.

எனக்குப் பதில் வந்தது. காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த காலையில், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அந்த அம்மையார் எழுதியிருந்தார்: எத்தனை சுற்று என்பது எனக்குத் தெரியாது, உங்கள் தோழியைக் கேளுங்கள்.

கேட்டாயிற்று என்று பதில் எழுதினேன். பிறகு அந்தக் கடிதத்தை அச்செடுத்து, பழைய பழக்கத்தில் ஓரத்தில் குறித்தேன்: 'நடவடிக்கை ஏற்கெனவே முடிந்தது. பெறப்பட்ட நாள், ஆடி பதினெட்டு.'