கற்றல் கருவி எண் ஒன்று

போன வியாழக்கிழமை அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஐந்து பேர் உட்கார வேண்டிய வண்டியில் ஒன்பது பேர். அந்த நெரிசலிலும் பக்கத்தில் இருந்த அம்மா மடியில் ஒரு படிவத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளி ஆசிரியை. வகுப்பறையில் புதுமையாக ஏதாவது செய்வதென்றால் சின்னதாக நிதி கொடுக்கிறார்களாம். அதற்கான விண்ணப்பம்.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். இந்தப் பத்திக்கு மேலே வரும் போட்டோ அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது.

"சார், நீங்க எழுதுறவுக. இந்த ‘புதுமையான அணுகுமுறை’ங்கிற கட்டத்துல என்ன சார் போடுறது?"

"போன வருஷம் என்ன போட்டீங்க?"

"மத்தவுக போட்டதைத்தான் போட்டேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் எனக்குச் சிரிக்க யோக்கியதை உண்டா? நானே இப்படிப்பட்ட படிவங்களுக்கு மார்க் போட்டவன். போதாததற்கு, அதில் ஒரு விண்ணப்பத்துக்கு பிட்டும் கொடுத்தவன். தேர்வாளரே பிட் கொடுத்த இந்தக் கதையை இதுவரை வெளியில் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் இன்று சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷம் இருக்கும். மதுரையில் ஒரு அறக்கட்டளை... பெயர் வேண்டாம், நல்லவர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் புதிதாக ஒன்று செய்ய நினைத்தால் நாங்கள் உதவுகிறோம் என்று அறிவித்தார்கள். தேர்வுக் குழுவுக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். விதி என்றால் விதி, கமா கூட நகரக் கூடாது என்பவர். குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கல்வி பற்றி எனக்கு என்ன தெரியும்? வாரா வாரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

நாற்பது விண்ணப்பங்கள் வந்தன. முதலாவதைப் படித்தேன். ‘மாணவர்களின் உள்ளார்ந்த ஆற்றலை வெளிக்கொணர்ந்து, கற்றலை இனிமையாக்கும் பொருட்டு...’ ஆகா என்றிருந்தது. இரண்டாவதைப் படித்தேன். ‘மாணவர்களின் உள்ளார்ந்த ஆற்றலை வெளிக்கொணர்ந்து...’ பன்னிரண்டாவது வரும்போது எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மேலூர்ப் பக்கப் பள்ளி ஒன்றின் விண்ணப்பத்தில் ‘எங்கள் அவனியாபுரம் பள்ளி மாணவர்கள்’ என்று இருந்தது. ஊர்ப் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள்.

விசாரித்ததில், எல்லாம் ஒரே இடத்தில் உற்பத்தியானவை என்று தெரிந்தது. கீழவாசல் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாந்தாராம். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் மதுரைத் தமிழ், தட்டச்சு செய்வதோ எவருக்கும் புரியாத அரசாங்கத் தமிழ் என்று மூன்று பாஷைக்காரர். மாவட்டத்தின் மொத்தப் படைப்பாற்றலும் அவருடைய ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது.

அந்தக் கட்டுக்கு நடுவே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். குண்டூசி குத்தி, கையால் எழுதியது. திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரின் நடுநிலைப் பள்ளியிலிருந்து கஸ்தூரி என்ற ஆசிரியை எழுதியிருந்தார்.

‘எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் பத்து மணிக்கு மேல்தான் வரும். போன வருடம் எட்டு முடித்த பெண் பிள்ளைகளில் ஒருவர்கூட ஒன்பதுக்குப் போகவில்லை. ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்தால் அதை வைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்துவேன். பிள்ளைகள் ஓட்டவும் பழகிக்கொள்வார்கள்.’

இவ்வளவுதான். உள்ளார்ந்த ஆற்றல் எதுவும் இல்லை.

தலைவர் படித்தார். "விதி ஏழு. வாகனம் வாங்க அனுமதி இல்லை" என்று தாளைத் தனியே வைத்துவிட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் உளுந்த வடை இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் பத்து விண்ணப்பம் தாண்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்தத் தாள் மனதை விட்டுப் போகவில்லை. வெட்கமாக இருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி; அதற்குள் வருகிறவற்றுக்கு இன்னொரு கூட்டமும் உண்டு. மறுநாள் மேலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கினேன்.

நீயே ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் பஞ்சர் ஒட்டுவதற்கே நாலு நாள் யோசிக்கிறவன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கஸ்தூரி டீச்சர் சொன்னார்.

"ஊர்ல சைக்கிள் இல்லாம இல்ல சார். எல்லாம் விடியுமுன்ன அப்பன்மாரோட குவாரிக்குப் போயிரும். பொம்பளப் பிள்ள சைக்கிள் பழகப் போறேன்னா வீட்டுல விட மாட்டாக. பாடம்னு சொன்னா விட்டுருவாக. அதுனாலதான் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் வேணும்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது சார். பிள்ளைகளோட சேந்து பழகிக்கிற வேண்டியதுதான்."

எட்டாம் வகுப்பில் ஏழு பெண்கள். கரும்பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரியை டீச்சர் காட்டினார். வகுப்பில் முதல் மார்க். அப்பா கல் உடைக்கிறவர். எட்டு முடிந்ததும் களையெடுக்க அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கே தெரியும். "நீ மேல படிக்கணுமாம்மா?" என்று கேட்டேன். எவ்வளவு மக்குத்தனமான கேள்வி! அவள் டீச்சரைப் பார்த்தாள்.

நேராகக் கீழவாசலுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சாந்தாராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சைக்கிள்ங்கிற வார்த்தையே வரக் கூடாது, அம்புட்டுதானேண்ணே?"

"அவ்வளவுதான்."

தட்டினார். ‘சுழல் இயக்க அடிப்படையிலான தொலைவு அளவீட்டுக் கற்றல் கருவி.’

"எத்தனை சக்கரம்னு போடவாண்ணே?"

"வேண்டாம்."

"சீட்டு?"

"அதையும் விட்டுருங்க."

"விட்டா பின்னால பிரச்சினை வரும்ணே. ‘கருவியை இயக்குபவர் அமரும் வசதியுடன்’னு போட்டுர்றேன்."

அடுத்த கூட்டத்தில் தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "பாருங்கள், இதுதான் புதுமை. மற்றதெல்லாம் சார்ட் பேப்பர்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், கையெழுத்துப் போட்டோம். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதில் பத்துக் குறை சொல்வோம். புரியாவிட்டால் உடனே மரியாதை கொடுத்துவிடுவோம். குழுக்கள் எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றனவோ என்னவோ.

கருவி வந்து சேர்ந்தது. மட்கார்டில் ‘கற்றல் கருவி எண் 1’ என்று டீச்சர் பெயின்ட்டில் எழுதி வைத்தார். சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் அளந்தார்கள். இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பெரிய பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்னது எத்தனை சுற்று... எல்லாம் பாடம். முட்டி பெயர்ந்தது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. இரண்டு மாதத்தில் ஏழு பேரும் ஓட்டினார்கள். டீச்சருக்கு மூன்று மாதம் ஆனது.

ஓட்டப் பழகினால் போதுமா? அப்பா அனுப்ப வேண்டாமா? பாண்டீஸ்வரியின் அப்பா ஒரே பிடியாக நின்றார். "பொம்பளப் பிள்ளைய ஆறு கிலோமீட்டரு எப்படித்தா அனுப்புறது? அம்புட்டுத் தூரம் ஆகாது."

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு சனிக்கிழமை இன்னொருத்தியைக் கேரியரில் உட்கார வைத்து, சாக்பீஸ் கோட்டை எண்ணச் சொல்லி, ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளி வாசல் வரை ஓட்டியிருக்கிறாள். இரண்டாயிரத்து அறுநூறு சுற்று. இரவு அப்பா முன்னால் நோட்டைத் திறந்து வைத்தாள்.

"ஆறு கிலோமீட்டர்னு சும்மா சொல்றாகப்பா. அஞ்சரை கூட முழுசா வரலை. நீங்களே பாருங்க."

வாழ்நாள் முழுக்கச் சந்தையில் பேரம் பேசியே வாங்கிய மனிதர். அரைக் கிலோமீட்டருக்கு மேல் குறைத்துக் கேட்டால் மனம் இளகாதா? நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அஞ்சரைக்குள்ளதான்னா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டாராம். டீச்சர் இதை மறுநாளே எனக்குப் போனில் சொன்னார்.

சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், முழுப் பரீட்சை முடிந்த கையோடு தலைவர் ஆய்வுக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். தன் எழுத்து என்ன பெற்றுப் போட்டிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு சாந்தாராமும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"கருவி எங்கே?"

பாண்டீஸ்வரி உருட்டிக்கொண்டு வந்தாள். தலைவர் மட்கார்டைப் படித்தார். சீட்டைப் பார்த்தார். பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

"இது சைக்கிள்."

சாந்தாராம்தான் மெதுவாக, "சார், சைக்கிள்னா ஊரு போய்ச் சேரும். இது அளந்துட்டுல்ல போய்ச் சேருது" என்றார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?"

"எல்லாருந்தான் சார் போட்டோம். இதுதான் புதுமைன்னு..." என்று இழுத்தேன். யார் சொன்னது என்பதை முடிக்கவில்லை. அவருக்கும் ஞாபகம் இருந்தது.

பாண்டீஸ்வரியிடம் நாலு கேள்வி கேட்டார். சுற்றளவு, வேகம், பல்சக்கரம். அவள் தயங்காமல் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் விதி யாரை விட்டது?

"நல்லது. கருவியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விதி ஒன்பது. திட்டக் காலம் முடிந்ததும் கருவி பள்ளியின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். இன்றே உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்."

அறையைத் திறக்க டீச்சர் சாவியை எடுத்தார். பாண்டீஸ்வரி ஹேண்டில்பாரை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு. பூட்டிவிட்டால் களையெடுப்புதான். எனக்கு அந்த விதிப் புத்தகத்தை எடுத்துக் கிணற்றில் போடலாம் போல் ஆத்திரம் வந்தது. வழக்கம்போல் வாய் வரவில்லை. இந்த முறை வடைகூட இல்லை.

"பூட்டிறலாம் சார். ஆனா சோதனை இன்னும் முடியலையே" என்றார் சாந்தாராம்.

"என்ன சோதனை?"

"நீடித்த உழைப்புச் சோதனை சார். ஒரு கருவி தெனமும் ஓடுனா எம்புட்டு நாள் தாங்கும்னு பாக்கணும்ல? பாக்காம எப்படி சார் ரிப்போர்ட்டு குடுக்கிறது?"

தலைவர் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார்.

"எவ்வளவு காலம் ஆகும்?"

"குறைஞ்சது ரெண்டு வருஷம் சார்."

"சோதனைப் பாதை?"

டீச்சர் குறுக்கிட்டார். "இங்க இருந்து உயர்நிலைப் பள்ளிக்கூடம் வரைக்கும் சார். போக, வர."

"நேரம்?"

"காலையில எட்டே கால். திரும்பி வர அஞ்சு மணி."

தலைவர் பேனாவைத் திறந்தார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடப் போனவர், மறுபடி திறந்து ஒரு வரி சேர்த்தார். ‘மழைக்காலத்திலும் சோதனை இடைவிடாது நடைபெற வேண்டும்.’

அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றி நான் யாரிடமும் கிண்டல் பேசுவதில்லை. இந்தப் பத்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து இறுதி அறிக்கை வந்தது. சாந்தாராமின் தட்டச்சு, சந்தேகமேயில்லை. ‘டயர் இருமுறையும் பெடல் ஒருமுறையும் மாற்றப்பட்டன. முன்னால் ஒருவர், கேரியரில் ஒருவர் எனச் சுமை சோதிக்கப்பட்டது. முடிவு: சுமை இரண்டும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.’

கருவி அதோடு பள்ளிக்குத் திரும்பியதா? திரும்பியது. ஒரே ஒரு கோடை விடுமுறை உள்ளே பூட்டிக் கிடந்தது. ஒரு தடவை சோதித்து வந்த முடிவை ஏற்க முடியாது, மறு சோதனை தேவை என்று தலைவரே கைப்பட எழுதி அனுப்பிவிட்டார்.

கேரியரில் போனவளுடைய தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பு.